புதுசு எப்படிடீ மெதுவாகும்

புஷ்பமேரி: ...அதத்தான் கேக்கறேன். புதுசு எப்படிடீ மெதுவாகும்?

மெரின்: அம்மா, பொண்ணு போன் பண்ணா ஒரு அம்மா மொதல்ல என்ன கேப்பாங்க? சாப்டியா, தூங்கினியான்னு கேப்பாங்க. நீ...

புஷ்பமேரி: சாப்டியா?

மெரின்: சாப்டேன்.

புஷ்பமேரி: பூசைக்குப் போனியா?

மெரின்: ...போனேன்.

புஷ்பமேரி: சரி, இப்ப சொல்லு. புது கம்ப்யூட்டர் வாங்கியிருக்கேன்னு சொல்ற. உன் பேருக்கு நேரா பாயின்ட்டு எவ்ளோ கொறைஞ்சு போச்சு தெரியுமா? நம்ம டீம்ல கடைசியில கெடக்கற.

மெரின்: நம்ம டீம்ல இருக்கறதே ரெண்டு பேரு. நீயும் நானும்.

புஷ்பமேரி: அதுல நீ கடைசி.

மெரின்: இத தெனமும் உக்காந்து பாக்கறியா?

புஷ்பமேரி: காப்பி குடிக்கறதுக்கு முன்னாடி அதத்தான் பாக்கறேன். நேத்து பக்கத்து வீட்டு சின்னப்பாப்பா வந்திருந்தா. "ஏன்க்கா, எந்நேரமும் இந்தக் கம்ப்யூட்டர் ஓடுதே, இதுல என்ன தான் பண்றீங்க"ன்னா. நான் சொன்னேன்...

மெரின்: என்ன சொன்ன? எனக்கும் சொல்லு, கேப்போம்.

புஷ்பமேரி: உங்கப்பாவுக்கு வந்திருக்கே மறதி வியாதி, அதுக்கும் மூளையில புரதம் தப்பா மடிஞ்சுக்கறதுக்கும் சம்பந்தம் இருக்குதாம். அது எப்படி மடியுதுன்னு வெளிநாட்டு காலேஜ்காரங்க கணக்குப் போட்டுப் பாக்கறாங்க. அந்தக் கணக்கு ஒரு கம்ப்யூட்டர்ல அடங்காது. அதனால துண்டு துண்டாக்கி, உலகத்துல யார் வீட்டுலல்லாம் கம்ப்யூட்டர் சும்மா கெடக்குதோ அவங்களுக்கு அனுப்பறாங்க. நம்ம பெட்டி ஒரு துண்ட வாங்கி, போட்டு முடிச்சு, திருப்பி அனுப்புது. முடிச்சதுக்கு பாயின்ட்டு குடுக்கறான். அப்படின்னேன்.

மெரின்: பரவாயில்லையே. நான் இதச் சொல்லிக் குடுத்தப்ப நீ தூங்கிட்ட மாதிரி இருந்துச்சு.

புஷ்பமேரி: கண்ண மூடிக்கிட்டு கேட்டேன். அவ என்ன கேட்டா தெரியுமா? "இதனால அண்ணனுக்கு சரியாயிடுமா"ன்னா.

மெரின்: ...நீ என்ன சொன்ன?

புஷ்பமேரி: அவருக்கு ஆவாது, என்னைக்காவது வேற யாருக்காவது ஆவும்னேன். சரி, பேச்ச மாத்தாத.

மெரின்: நானா மாத்தறேன்?

புஷ்பமேரி: உன் புதுப் பெட்டியில என்ன நம்பர் போட்டிருக்கு? அந்த ஜிகா...

மெரின்: ஜிகாஹெர்ட்ஸ். ஒண்ணு புள்ளி ஆறு.

புஷ்பமேரி: வீட்ல இருந்த பெரிய பெட்டியில?

மெரின்: ரெண்டு புள்ளி நாலு.

புஷ்பமேரி: என் பழைய பெட்டியில மூணு. அப்ப நான் தான் மேல... இல்ல, இரு. உன் பெரிய பெட்டி எப்பவுமே என்னுத விட நெறைய குடுத்துச்சே. மூணு தான ரெண்டு புள்ளி நால விட பெருசு?

மெரின்: அந்த நம்பர மட்டும் வெச்சு சொல்ல முடியாதும்மா.

புஷ்பமேரி: வேற எத வெச்சு சொல்றது? கடைக்காரன் அதத்தான எழுதி ஒட்டியிருக்கான்.

மெரின்: அது கை எவ்ளோ வேகமா ஆடுதுங்கற கணக்கு. ஒரு தடவ கை ஆடினா எவ்ளோ வேல முடியுதுங்கறது வேற. அது உள்ள இருக்கற சிப்ப எப்படி அமைச்சிருக்காங்கங்கறதப் பொறுத்தது.

புஷ்பமேரி: புரியல.

மெரின்: கோயில் திருவிழாவுல சாப்பாடு போடுவாங்கல்ல. சமையக்கட்டுல இருந்து பந்தி வரைக்கும் ஆளுங்க வரிசையா நின்னு தட்ட கை மாத்தி விடறாங்கன்னு வை. உன் பழைய பெட்டியில அந்த வரிசை ரொம்ப நீளம். ஒவ்வொருத்தருக்கும் வேல கொஞ்சம் தான். அதனால டக்கு டக்குனு கை மாறுது. அந்த வேகம் தான் மூணு.

புஷ்பமேரி: நல்லது தான?

மெரின்: பந்திக்குப் போனப்புறம், "இது இல்லப்பா, இவங்க சைவம்"னு தெரிஞ்சா? வரிசையில வந்துட்டிருக்கற அத்தன தட்டையும் தள்ளிட்டு மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். வரிசை நீளமா இருந்தா வீணாப் போறதும் நெறைய. பெரிய பெட்டியில வரிசை சின்னது. கை கொஞ்சம் மெதுவு, ஆனா ஒரே தடவையில நெறைய தூக்கும். அதோட, அந்த மாதிரி நாலு வரிசை பக்கத்துல பக்கத்துல.

புஷ்பமேரி: ஆமா, நாலு கோரு, நாலு கோருன்னு மாப்ள அன்னிக்குப் பெருமையா சொன்னாரு.

மெரின்: ...ம்.

புஷ்பமேரி: சரி, அது பெருசு. இந்தப் புதுசுக்கு என்ன கேடு? நம்பரப் பாத்தா பெருசுல பாதிக்கு மேல இருக்கு. பத்துல ஒரு பங்கு கூட வேல செய்யலயே.

மெரின்: இதுல ஒரு கோரு தான். அதுவும் வேற மாதிரி. நீ பால அடுப்புல வெச்சா, அது காயற வரைக்கும் என்ன பண்ணுவ?

புஷ்பமேரி: வெங்காயம் நறுக்குவேன்.

மெரின்: சும்மா நிக்க மாட்டல்ல.

புஷ்பமேரி: உங்க லூர்து அத்தை நிப்பாங்க. உங்கப்பாவோட கூடப் பொறந்தவங்க, நான் சொல்லக் கூடாது. பால் பொங்கற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. அடுத்த வேலயத் தொட மாட்டாங்க.

மெரின்: அவ்ளோ தான். பெரிய பெட்டி நீ. புதுசு லூர்து அத்தை. ஒரு கணக்குக்கு வேண்டிய நம்பர் உள்ள இருந்து வந்து சேர நேரமானா, பெருசு அதுக்குள்ள பின்னாடி இருக்கற வேலய எடுத்து முடிச்சிடும். இது அந்த நம்பர் வர்ற வரைக்கும் அப்படியே நிக்கும்.

புஷ்பமேரி: அப்படி ஒண்ண எதுக்கு செஞ்சு விக்கறான்?

மெரின்: மத்ததெல்லாம் வெச்சா கரண்டு குடிக்கும், சூடாகும். இது கையில தூக்கிட்டுப் போறதுக்காக செஞ்சது. சின்னது, லேசு. பேட்டரியில ரொம்ப நேரம் நிக்கும். மெயில் பாக்கலாம், டைப் பண்ணலாம். இந்த மாதிரி கணக்குப் போட வெச்சா திணறும்.

புஷ்பமேரி: தூக்கிட்டு எங்க போற?

மெரின்: என்னது?

புஷ்பமேரி: தூக்கிட்டுப் போறதுக்காக செஞ்சதுன்ன. நீ தூக்கிட்டு எங்க போற? ஆபீஸ்ல கம்ப்யூட்டர் இருக்கு. வீட்ல அவ்ளோ பெரிய பெட்டி இருக்கு.

மெரின்: ...அது கெட்டுப் போச்சும்மா.

புஷ்பமேரி: எது?

மெரின்: பெரிய பெட்டி. மதர்போர்டு போயிடுச்சு. கடையில குடுத்திருக்கோம்.

புஷ்பமேரி: ஓ... கெட்டே போச்சா.

மெரின்: ஆமா.

புஷ்பமேரி: மாப்ளைக்கு வருத்தமா இருந்திருக்குமே. ஒவ்வொரு சாமானா வாங்கிட்டு வந்து அவரே கட்டினது.

மெரின்: ம்.

புஷ்பமேரி: எங்க அவரு? குடு, ரெண்டு வார்த்த பேசறேன்.

மெரின்: ஆபீஸ் போயிருக்காரு.

புஷ்பமேரி: ஞாயித்துக்கிழமையா?

மெரின்: ...ஏதோ அவசரம்னு கூப்பிட்டாங்க.

புஷ்பமேரி: பாவம். லீவு நாள்ல கூட விட மாட்டேங்கறாங்க.

மெரின்: ஏம்மா ஒரு மாதிரி பேசற?

புஷ்பமேரி: எந்த மாதிரி? எப்பவும் போலத் தான் பேசறேன்.

மெரின்: தெரியல... சரி, என்னைக் கேட்டல்ல, இப்ப நான் கேக்கறேன். உன் பாயின்ட்டு எப்படி இவ்ளோ ஏறுச்சு?

புஷ்பமேரி: ஏறிச்சா?

மெரின்: தெனமும் பாக்கறேன்னு இப்ப தான சொன்ன. ஏறினது தெரியாதா? முன்ன நீ ஒரு வாரத்துல எடுத்தத இப்ப ஒரே நாள்ல எடுக்கற.

புஷ்பமேரி: அது... நான் தூசி தட்டினேன்.

மெரின்: தூசியா?

புஷ்பமேரி: உள்ள ஃபேன்ல அவ்ளோ தூசி. பழைய பல்லு வெளக்கற ப்ரஷ் எடுத்து நல்லா தொடச்சு விட்டேன்.

மெரின்: தூசி தட்டினா கொஞ்சம் தேறும். இவ்ளோ தேறாது.

புஷ்பமேரி: அந்த காலேஜ்காரன் எனக்கு சுலபமான கணக்கா பாத்துக் குடுக்கறானோ என்னவோ. வயசானவங்கன்னு.

மெரின்: அவனுக்கு உன் வயசு தெரியாது. சுலபமான கணக்குக்கு பாயின்ட்டும் கம்மியாத் தான் தருவான்.

புஷ்பமேரி: ராத்திரி நிறுத்தாம விடறேன்ல, அதுவா இருக்கும்.

மெரின்: முன்னயும் நிறுத்தாம தான விட்ட? எனக்கு ஒண்ணுமே புரியலம்மா. அந்தப் பழைய சிப்பு இவ்ளோ செய்யவே செய்யாது. தலகீழா நின்னாலும் செய்யாது. நான் வேலையில தெனமும் பாக்கறது இதத்தான்.

புஷ்பமேரி: உனக்கே புரியலன்னா எனக்கு எங்கருந்து புரியும்?

மெரின்: இரு. எந்த கம்ப்யூட்டர்ல ஓடுதுன்னு அந்த வெப்சைட்லயே போட்டிருக்கும். தொறந்துட்டு தான் இருக்கேன்.

புஷ்பமேரி: அதெல்லாமா காட்டும்?

மெரின்: காட்டும். என்ன சிப்பு, எத்தன கோரு, எல்லாமே.

புஷ்பமேரி: ...அது எனக்குத் தெரியாதே. சரி, அதெல்லாம் இப்ப எதுக்கு? போன வெக்கட்டா? அப்பாவுக்கு மருந்து நேரமாயிடுச்சு.

மெரின்: இப்ப வெக்காத. இந்தப் பெட்டியில எது தொறந்தாலும் நேரமாவுது. கணக்கும் ஓடிட்டு இருக்கு, பக்கமும் தொறக்கணும். பாதி தான் வந்திருக்கு.

புஷ்பமேரி: உங்கப்பாவே எழுந்து வந்துட்டாரு. போன கேக்கறாரு... ஏங்க, பேசிட்டுத் தரேன். இழுக்காதீங்க, ஒயரு அறுந்துடும்.

தனிஸ்லாஸ்: அலோ. கி எ லா? யாரு பேசறது?

மெரின்: அப்பா, பிரெஞ்செல்லாம் வேணாம், நான் தான்.

தனிஸ்லாஸ்: லூர்தா?

மெரின்: இல்லப்பா, மெரின்.

தனிஸ்லாஸ்: மெரின் பெங்களூர்ல இருக்கா. நீ லூர்து. கூடப் பொறந்தவ கொரலு எனக்குத் தெரியாதா?

மெரின்: ...சரி. லூர்து தான். எப்படி இருக்க அண்ணே?

தனிஸ்லாஸ்: எனக்கென்ன. சவரம் பண்ணிக்கிட்டு ஜம்முனு இருக்கேன். மாப்ள பண்ணி விட்டாரு. ஒரு சொட்டு ரத்தம் வரல. புஷ்பம் பண்ணா கன்னத்த கிழிச்சுடறா.

மெரின்: எந்த மாப்ள?

தனிஸ்லாஸ்: எனக்கு எத்தன மாப்ள? ஒரே பொண்ணு, ஒரே மாப்ள. அருள்பிரகாஷ்.

மெரின்: அவரு... அது எப்ப?

தனிஸ்லாஸ்: இன்னிக்கு வந்தாரு. நேத்தும் வந்தாரு. ஒரு பெரிய பெட்டிய தோள்ல தூக்கிட்டு வந்து முன் ரூம்ல வெச்சாரு. அது விர்ருன்னு ஓடிட்டே கெடக்கு. ரூமே கொதிக்குது.

புஷ்பமேரி: ஏங்க, குடுங்க போன. மருந்து போடணும்.

தனிஸ்லாஸ்: இரு புஷ்பம். என் தங்கச்சிகிட்ட பேசறேன்ல. லூர்து, இத மட்டும் கேளு. நேத்து மெரின் வந்தா.

மெரின்: எங்க வந்தா?

தனிஸ்லாஸ்: நம்ம தெரு மொனையில, இஸ்திரி வண்டியாண்ட நின்னா. தோள்ல பை. நான் கேட்டாண்ட நின்னு கையாட்டினேன். வரல, போயிட்டா. இவகிட்ட சொன்னா நம்ப மாட்டேங்கறா.

புஷ்பமேரி: குடுங்க இப்படி. போய் உக்காருங்க, வரேன்... மெரின்? இருக்கியா? மனசுல வெச்சுக்காதடீ. நேத்துல இருந்து இதையே சொல்லிட்டிருக்காரு. தெருவுல போற எந்தப் பொண்ணப் பாத்தாரோ.

மெரின்: அது இருக்கட்டும். அவரு வந்தாருன்னு சொல்றாரே.

புஷ்பமேரி: யாரு?

மெரின்: உன் மாப்ள.

புஷ்பமேரி: உங்கப்பாவப் பத்தி உனக்குத் தெரியாததா? போன வாரம் கவர்னர் வந்து டீ குடிச்சுட்டுப் போனாருன்னாரு.

மெரின்: கவர்னர் சவரம் பண்ணி விட்டாருன்னு சொல்லலயே. பெட்டி, முன் ரூமு, சூடு... இதெல்லாம் எப்படிம்மா அவரா சொல்லுவாரு?

புஷ்பமேரி: பழசு ஏதாச்சும் நெனப்புல வந்திருக்கும்.

மெரின்: பழைய பெட்டி முன் ரூம்ல இல்ல. உன் கட்டில் பக்கத்துல இருந்துச்சு... இரு. பக்கம் தொறந்துடுச்சு.

புஷ்பமேரி: மெரின்...

மெரின்: புஷ்பமேரி. கம்ப்யூட்டர் ஒண்ணு. ப்ராசஸர் நாலு. ரெண்டு புள்ளி நாலு ஜிகாஹெர்ட்ஸ்... அம்மா, இது எங்க பெட்டி. இது உன் வீட்ல எப்படி ஓடுது?

புஷ்பமேரி: அத விடு. மதர்போர்டு போயிடுச்சுன்னு நீ ஏன் சொன்ன? நீ சொல்லும்போது அது என் முதுகுக்குப் பின்னாடி ஓடிட்டிருக்கு. எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துடுச்சு, திரும்பிப் பாத்தேன்.

மெரின்: உனக்கு எவ்ளோ தெரியும்?

புஷ்பமேரி: நீ ஹாஸ்டல்ல இருக்கறது தெரியும். அவருக்கு வேல போனது தெரியும். போனத உன்கிட்ட மறைச்சது தெரியும்.

மெரின்: எல்லாத்தையும் சொல்லிட்டாரா?

புஷ்பமேரி: மறைக்காம சொன்னாரு. அமெரிக்காவுல பேங்கு விழுந்துச்சுன்னு இங்க ஆளக் கொறைச்சாங்களாம். உன்கிட்ட சொல்ல வாய் வரலையாம்.

மெரின்: தெனமும் காலையில சட்ட இஸ்திரி போட்டுப் போட்டுக்கிட்டு கெளம்புவாருமா. நான் டிபன் கட்டிக் குடுப்பேன். எங்கயோ பார்க்ல உக்காந்து சாப்பிட்டுட்டு சாயங்காலம் வருவாரு. இன்னிக்கு வேல எப்படின்னு கேட்டா, ஒரே டென்ஷன்னு சொல்லுவாரு. நான் காலப் புடிச்சு விட்டிருக்கேன். வேல போனதுக்கு நான் வீட்ட விட்டுப் போகல. அந்த டென்ஷன்னு சொன்னாரே, அதுக்குத் தான் போனேன்.

புஷ்பமேரி: தப்பு தான். அவரு மூஞ்சிக்கு நேரா சொன்னேன்.

மெரின்: என்ன சொன்னாரு?

புஷ்பமேரி: நேரா போயி உங்கப்பா குளிக்கறதுக்கு தண்ணி வெளாவி வெச்சாரு. அன்னிலேர்ந்து தெனமும் காலையில வராரு. குளிப்பாட்டி, சவரம் பண்ணி, வாசல்ல நடக்க வெச்சுட்டு போறாரு.

மெரின்: எங்க இருக்காரு?

புஷ்பமேரி: இங்க நெல்லித்தோப்புல தான், அவங்க அண்ணன் வீட்ல. பெங்களூர் வீட்ட காலி பண்ணிட்டாரு. அங்க பெட்டி வெக்க எடமில்லையாம். நிறுத்திப் போடவும் மனசு வரலையாம். "அத்த, இது மாமாவுக்காக ஓடறது, இங்க ஓடட்டும்"னு தூக்கிட்டு வந்தாரு.

மெரின்: என் பேர்ல இருந்தத உன் பேர்ல ஏன் மாத்தினாரு?

புஷ்பமேரி: உன் பேர்ல ஓடினா உனக்குத் தெரிஞ்சுடும், தெரிஞ்சா நிறுத்தச் சொல்லுவன்னாரு. என் பழச எடுத்து பரண்ல போட்டுட்டோம். எந்த கம்ப்யூட்டர்னு வெப்சைட்ல காட்டும்னு அவருக்கும் தோணல போல.

மெரின்: தோணியிருக்கும். அவருக்குத் தோணாம இருக்காது... நீ ஏம்மா என்கிட்ட சொல்லல?

புஷ்பமேரி: நீயா சொல்லுவன்னு பாத்தேன். "என்னடீ, புருஷன விட்டுட்டியா"ன்னு நேரா கேட்டா நீ போன வெச்சுடுவ, அடுத்த வாரம் எடுக்க மாட்ட. கம்ப்யூட்டரப் பத்திக் கேட்டா எவ்ளோ நேரம்னாலும் பேசுவ. பேசிப் பேசி அங்க வந்து நிப்பன்னு நெனச்சேன்.

மெரின்: அப்ப நீ புரியாம கேக்கல.

புஷ்பமேரி: புரியாம தான் கேட்டேன். அந்த வரிசையும் தட்டும் இன்னிக்கு தான் புரிஞ்சுது. அதுக்காக மட்டும் கேக்கல.

மெரின்: எனக்கு இப்ப ஒண்ணும் புரியல. யாரு மேல கோவப்படறதுன்னு கூடத் தெரியல.

புஷ்பமேரி: எல்லாரு மேலயும் படு. என் மேலயும் படு. அவரு உன்கிட்ட மறைச்சாரு, நீ என்கிட்ட மறைச்ச, நான் உன்கிட்ட மறைச்சேன். இதுல யாரு யாரக் கேக்கறது?

மெரின்: அவர மன்னிச்சுடுன்னு சொல்றியா?

புஷ்பமேரி: சொல்லல. அது உன் பாடு. ஹாஸ்டல்ல தனியா கெடக்காத, அத மட்டும் சொல்றேன். ஆபீஸ்ல லீவு போட்டுட்டு ராத்திரி பஸ்ஸப் புடி. அவர நாளைக்கு வர வேணாம்னா வேணாம்னு சொல்லிடறேன். உங்கப்பா தான் பாவம், நீ வந்துட்டன்னே நெனச்சுக்கிட்டு கேட்டுக்கும் ரூமுக்குமா நடக்கறாரு. மாப்ளையப் பத்திச் சொன்னதாவது நெஜம். இதுக்கு நான் என்னத்தச் சொல்லி அவர உக்கார வெக்கறது?

மெரின்: அப்பா பாத்தது வேற பொண்ணு இல்லம்மா... நான் தான். லீவு போட்டுட்டு முந்தாநேத்தே வந்துட்டேன். இங்கயே பக்கத்துல மூலக்குளத்துல, என்கூட காலேஜ்ல படிச்ச நிர்மலா வீட்ல இருக்கேன். வீட்டுக்கு வரணும்னு தான் கெளம்பினேன், என்ன சொல்றதுன்னு தெரியல. அப்பாவ மட்டும் தூரத்துல இருந்து பாத்துட்டுப் போயிடலாம்னு நேத்து நம்ம தெருவுக்கு வந்தேன். அவருக்கு எங்க என்னை அடையாளம் தெரியப் போவுதுன்னு நெனச்சு, தைரியமா கிட்ட வந்துட்டேன்... அவருக்குத் தெரிஞ்சுடுச்சும்மா. அதப் பாத்து பயந்து ஓடிட்டேன்.